மேடையில் நின்றுபோகும் பிள்ளைகளுக்காக: பேச்சுப் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், தமிழாசிரியர்களுக்கும், போட்டிகளில் நடுவர் இருக்கையில் அமரும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளில் தொடங்கும் பேச்சுப் போட்டிப் பருவம் சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, குழந்தைகள் தினம் என்று நீண்டு குடியரசு தினம் வரை ஓடும். நடுவில் கலைத் திருவிழா வேறு. பள்ளி அளவில் தொடங்கி மாநில அளவு வரை போகும். தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் போட்டிகளும் உண்டு. பல ஆண்டுகளாக இந்தப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்பி வருகிறேன். கூப்பிட்ட இடங்களில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

மேடை பயத்தைப் போக்கத்தான் போட்டி நடத்துகிறோம் என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனால் இப்போது நடத்துகிற விதத்தில், பயமில்லாத நான்கைந்து பிள்ளைகளுக்குக் கோப்பை கிடைக்கிறது. பயமுள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இன்னும் இறுகிப்போகிறது. போட்டியை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. நடத்தும் விதத்தை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நடப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு தலைப்பு வரும். அப்பாவோ, அக்காவோ, ஆசிரியரோ இரண்டு பக்கம் எழுதித் தருவார்கள். இப்போது கைப்பேசியில் தேடி எடுத்த உரையும் சேர்ந்துவிட்டது. "அவையில் வீற்றிருக்கும் ஆன்றோர்களே, சான்றோர்களே, நீதி வழுவாத நடுவர் அவர்களே, அனைவருக்கும் என் முத்தான முதற்கண் வணக்கம்" என்று தொடங்கி, எந்த வரியில் கையை உயர்த்த வேண்டும், எந்தச் சொல்லில் குரலை ஏற்ற வேண்டும் என்பது வரை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். பிள்ளையின் சொந்த வாக்கியம் ஒன்றுகூட அதில் இருக்காது. சொந்த வாக்கியமாக இருந்தால் ஒரு சொல் மறந்தாலும் வேறு சொல்லைப் போட்டு நகரலாம். இரவல் வாக்கியத்தில் அதற்கு வழியே இல்லை. ஒரு சொல் விட்டுப்போனால் அடுத்த வரி வராது. அதோடு எல்லாம் நின்றுவிடும்.

ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவி காமராசரைப் பற்றிப் பேச வந்தாள். 1903-இல் விருதுநகரில் பிறந்தது, மதிய உணவுத் திட்டம் என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். மேலே பார்த்தாள். அந்த வரியின் முதல் சொல்லை இரண்டு மூன்று முறை சொன்னாள். பின்வரிசையில் சிரிப்புச் சத்தம். பொறுப்பாசிரியர் மைக்கை வாங்கி, "அடுத்த முறை நல்லா மனப்பாடம் பண்ணிட்டு வரணும்" என்றார். திட்டும் குரல் இல்லை, அறிவுரைதான். ஆனால் அதை முந்நூறு பேர் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவள் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை என்று அவள் தமிழாசிரியை என்னிடம் சொன்னார். அவள் நன்றாகத்தான் மனப்பாடம் செய்திருந்தாள். வீட்டில் ஒரு சொல் பிசகாமல் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

வீட்டில் வந்தது மேடையில் ஏன் வரவில்லை? இதைத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும். பலர் நம்மை மதிப்பிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினல் சுரப்பி வேலையைத் தொடங்குகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் கை ஜில்லென்று ஆகிறது. உமிழ்நீர் வற்றி நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வயிறு கலக்குகிறது. மூச்சு மேலோட்டமாகப் போவதாலும் தொண்டைத் தசைகள் இறுகுவதாலும் குரல் நடுங்குகிறது. இதெல்லாம் முதல் கட்டம். சற்று நேரம் கழித்துக் கார்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறுகிறது. நினைவில் கை வைப்பது இதுதான். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், சில சொற்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு மறுநாள், சொற்களை ஒப்பிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, உடம்பில் கார்டிசாலாக மாறும் கார்டிசோன் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நினைவுக்கு வந்த சொற்கள் குறைந்துவிட்டன. சொற்கள் அவர்கள் மூளையில்தான் இருந்தன, எடுக்கத்தான் முடியவில்லை. அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் மேடையில் நடந்தது இதுதான். "இன்னும் நல்லா மனப்பாடம் பண்ணு" என்பது இதற்கு மருந்தாகாது.

இதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது இன்னொன்று. ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்களுக்கு ஒரு தேவை இருந்தது: ஆய்வுக்கூடத்துக்கு வரும் நல்ல ஆரோக்கியமுள்ள மனிதர்களுக்கு, தவறாமல் மன அழுத்தத்தை உண்டாக்க ஒரு வழி வேண்டும். 1993-இல் அதற்கு ஒரு முறையை வெளியிட்டார்கள். இன்றுவரை உலகமெங்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். முறை இதுதான். தயாரிக்கச் சில நிமிடம் தருவார்கள். குறிப்பு எழுதிய தாளை வாங்கிக்கொள்வார்கள். ஒரு குழுவின் முன்னால் மைக் வைத்து ஐந்து நிமிடம் பேசச் சொல்வார்கள். குழுவில் இருப்பவர்கள் தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது. பேசுபவர் நின்றுபோனால் "உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது" என்று மட்டும் சொல்வார்கள். பிறகு 1022-லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வார்கள். தப்பினால் மறுபடி முதலிலிருந்து. பெரும்பாலோருக்குக் கார்டிசால் ஏறிவிடும்.

கணக்கை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். மீதியெல்லாம் நம்முடைய பேச்சுப் போட்டிதான். மன அழுத்தம் தரவேண்டும் என்றே திட்டமிட்டுப் பெரியவர்களுக்காக உண்டாக்கிய ஏற்பாட்டை, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு, பயத்தைப் போக்குகிறோம் என்ற நல்ல எண்ணத்தில், நாம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

நம்பிக்கை தரும் செய்தியும் அதே ஆய்வு மரபிலிருந்துதான் வந்தது. 2013-இல் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகர ஆய்வாளர்கள் அதே சோதனையின் அன்பான வடிவம் ஒன்றை முயன்றார்கள். அதிலும் குழு உண்டு, பேச்சு உண்டு. ஆனால் குழுவினர் சிரித்த முகத்தோடு இருந்தார்கள், தலையாட்டிக் கேட்டார்கள். பேசியவர் தன்னைப் பற்றிப் பேசினார். கார்டிசால் ஏறவில்லை. மேடையும் பேச்சும் அப்படியே இருக்க, எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் நடந்துகொள்ளும் விதமும் பேசும் பொருளும் மாறினால் உடம்பின் பதிலும் மாறிவிடுகிறது. நடுவர் பெருமக்களே, இது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. முகத்தை இறுக்கி வைத்துக்கொள்வதுதான் நடுநிலை என்று யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி சிரித்த முகத்தோடு பார்ப்பதும் நடுநிலைதானே?

சரி, போட்டித் தலைப்புக்கு வருவோம். ஒவ்வொரு அக்டோபர் 2-ஆம் தேதியும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் காந்தியின் மன உறுதியைப் பற்றி மேடையில் முழங்குகிறார்கள். அவர் எப்படிப்பட்ட பேச்சாளராக இருந்தார் என்று அவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? லண்டனில் சட்டம் படிக்கும்போது சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார் காந்தி. ஒருமுறை கருத்தை எழுதிக்கொண்டு போயும் அதை வாசிக்கக்கூட முடியவில்லை, வேறொருவர்தான் வாசித்தார். 1891-இல் ஊர் திரும்பும்முன் நண்பர்களுக்கு விருந்து கொடுத்தார். தயார் செய்துகொண்டு போன பேச்சில் முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கு. குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது, கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். இதையெல்லாம் தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்.

1893-இல் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களைக் கூட்டி, வணிகத்தில் உண்மையாக இருப்பதைப் பற்றிப் பேசினார். அதுதான் தன் வாழ்க்கையின் முதல் பொதுப் பேச்சு என்று சொல்கிறார். அது நன்றாகவே அமைந்தது. அன்று அவரிடம் யாரும் எழுதிக் கொடுத்த உரை இல்லை. சொல்லியே ஆக வேண்டிய விஷயம் இருந்தது, கேட்க வேண்டியவர்கள் எதிரே இருந்தார்கள். அதற்காகப் பயம் அன்றோடு ஒழிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 1896-இல் பம்பாயில் பெரிய கூட்டத்தின் முன்னால் அவர் குரல் எழும்பவில்லை; காங்கிரஸ் தலைவர் தின்ஷா வாச்சாதான் அவர் உரையை வாசித்து முடித்தார். பயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்ந்தது. காந்தி ஜெயந்திப் போட்டி தொடங்கும் முன் இந்த ஐந்து சம்பவங்களையும் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிப் பாருங்கள். கூட்டத்தில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வள்ளுவரும் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். போர்க்களத்தில் சாகத் துணிபவர்கள் எளிதில் கிடைப்பார்கள், அவையில் அஞ்சாதவர்கள் கிடைப்பதுதான் அரிது என்கிறார். எல்லாரும் அஞ்சுவார்கள் என்பதுதான் அங்கே தொடக்கப்புள்ளி. நாமோ அஞ்சும் பிள்ளையைத் தனியாகக் குறை சொல்கிறோம்.

இப்போது நான் கேட்பவற்றைச் சொல்கிறேன். முதலில் தலைப்பு. தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்குத் தலைவர்கள் வரலாறு மட்டுமே தலைப்பாக இருக்க வேண்டாம். "எங்கள் ஊர் ஏரி", "என் பாட்டி செய்யும் வேலை", "நான் பேருந்தில் பார்த்தது" என்று கொடுங்கள். காமராசரைப் பற்றியே பேச வேண்டுமானாலும், "எங்கள் பள்ளியின் சத்துணவுக்கூடம்" என்று தொடங்கி அவரிடம் போய்ச் சேரட்டும். அப்போது எழுதிக் கொடுக்க வீட்டில் யாருக்கும் வேலை இருக்காது. பிள்ளைதான் சொல்லியாக வேண்டும்.

அப்புறம் குறிப்புச் சீட்டு. உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்தாறு சொற்கள் எழுதி வைத்துக்கொள்ள எல்லாருக்கும் அனுமதி கொடுங்கள். அச்சத்தில் நினைவு அடைத்துக்கொள்ளும்போது ஒரு சொல்லைக் கண்ணால் பார்த்தால் மீதி தானாக வந்துவிடும். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பழுத்த தலைவர்கள் கையில் தாளோடு பேசுகிறார்கள். பிள்ளையின் கையில் ஓர் அட்டை இருந்தால் என்ன குறைந்துவிடும்? முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் நன்றாக மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், போதும். படபடப்பு உச்சத்தில் இருக்கும் முதல் சில நொடிகளைத் தாண்ட அது உதவும்.

மதிப்பெண் தாளில் "தங்குதடையின்றிப் பேசுதல்" என்று ஒரு வரிசை இருக்கும். அதை எடுத்துவிட்டு, "நின்ற இடத்திலிருந்து மீண்டு வருதல்" என்று போடுங்கள். திக்கிவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி தொடரும் பிள்ளைக்கு அதற்கென்றே மதிப்பெண் உண்டு என்று போட்டிக்கு முன்பே எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள். தடுமாறினால் தோல்வி என்ற விதி போய்விட்டாலே தடுமாற்றம் பாதி குறைந்துவிடுவதை என் மாலை வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

காத்திருக்கும் நேரத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லி, குலுக்கலில் முப்பதாவது எண் விழுந்த பிள்ளை வெறும் வயிற்றோடு ஒரு மணிவரை மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு நடுங்கிக்கொண்டிருக்கும். கார்டிசால் ஏற இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமா? பத்துப் பத்துப் பேராக வரச் சொல்லலாம். போட்டி தொடங்கும் முன் ஒவ்வொருவரையும் காலி மேடையில் ஏற்றி, மைக்கில் தன் பெயரைச் சொல்ல வைக்கலாம். தன் குரலை ஒலிபெருக்கியில் முதன்முறையாகப் போட்டியின் நடுவில் கேட்கும் பிள்ளை மிரண்டுபோகிறது. இது ஒரு நிமிட வேலையில் தீரும் விஷயம்.

ஆனால் போட்டியன்று செய்வதையெல்லாம் விட முக்கியமானது ஆண்டு முழுக்க நடக்கும் காலை வழிபாட்டுக் கூட்டம். செய்தி வாசிப்பது, குறள் சொல்வது, உறுதிமொழி சொல்வது எல்லாம் அதே நான்கு பிள்ளைகள். அவர்களுக்கு ஏற்கெனவே மேடை பழகிவிட்டது. பயமுள்ள பிள்ளைக்கு வேண்டியது சின்னச் சின்ன மேடைகள். முதலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழிக்கு ஒரு கதை சொல்லட்டும். பிறகு இருவர் சேர்ந்து வகுப்பின் முன் நின்று ஒரு செய்தி வாசிக்கட்டும். பிறகு தனியாக, கையில் தாளோடு. பிறகு தாள் இல்லாமல் ஒரு நிமிடம். பயம் குறைந்த பிறகுதான் அடுத்த படி. "வயிறு வலிக்குது மிஸ், நான் பேசல" என்று வரும் பிள்ளையை முழுக்க விட்டுவிட்டால், அந்த நிமிடம் கிடைக்கும் நிம்மதியே பயத்துக்கு உரமாகிவிடும். அடுத்த முறை வயிற்றுவலி இன்னும் சீக்கிரம் வரும். பிடித்துத் தள்ளி மேடையேற்றினாலும் அதே கதிதான். "சரி, இன்னைக்குத் தலைப்பை மட்டும் சொல்லிட்டு வா" என்று படியைச் சிறிதாக்குங்கள். மேடை ஏறி, கெட்டது எதுவும் நடக்காமல் இறங்கி வந்த அனுபவம்தான் அந்த உடம்புக்குப் பாடம்.

பிள்ளைகளிடம் "பயப்படாதே" என்று சொல்வதால் பயன் இல்லை. அதற்குப் பதிலாகச் சொல்ல இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, உன் நடுக்கம் உனக்குத் தெரிகிற அளவுக்கு எங்களுக்குத் தெரியாது என்பது. தன் இதயம் அடிப்பது முன்வரிசைக்குக் கேட்கிறது என்றே பேசும் பிள்ளை நம்புகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையை முன்கூட்டியே கேட்டுவிட்டு மேடையேறிய மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். இரண்டாவது, இதயம் வேகமாக அடிப்பதற்கு வேறொரு பெயரும் வைக்கலாம் என்பது. திருவிழாவுக்குக் கிளம்பும்போதும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பேசும் முன் "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். படபடக்கும் உடம்பை அடக்கு என்று சொன்னால் கேட்காது. அந்தப் படபடப்பை உற்சாகத்தின் பக்கம் திருப்பிவிடுவது எளிது. கூடவே மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடப் பழக்குங்கள். உள்ளிழுப்பதைவிட வெளியே விடும் மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும்.

பெற்றோர் சிலர் மாத்திரை உண்டா என்று கேட்கிறார்கள். நடுக்கத்தைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறது. மேலைநாட்டு இசைக்கலைஞர்கள் சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் பிள்ளைகள் அதைத் தொடவே கூடாது. பேச்சுப் போட்டிக்கு அது தேவையும் இல்லை.

எல்லா மேடை பயமும் ஒரே அளவு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூடப் பதில் சொல்லத் திணறுவது, கேள்வி கேட்பார்களோ என்று பள்ளிக்கே வராமல் இருப்பது, மாதக்கணக்கில் அப்படியே தொடர்வது என்றால் அது கூச்சத்தைத் தாண்டிய நிலை. சமூகப் பதற்றக் கோளாறு என்ற இந்த நிலை பெரும்பாலும் 8 முதல் 15 வயதுக்குள் தொடங்குவதாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு சொல்கிறது. அதாவது, நம் வகுப்பறையில் இருக்கும்போதே. முதலில் கண்ணில் படுவதும் நமக்குத்தான். பெற்றோரை அழைத்துப் பேசுங்கள், மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இது குணமாகக்கூடிய ஒன்று என்பதைப் பெற்றோருக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

கடைசியாக, இத்தனையும் செய்த பிறகும் ஒரு பிள்ளை மேடையில் நின்றுபோகும். அப்போது மணி அடிக்காதீர்கள். எழுதிக் கொடுத்த ஆசிரியர் ஓரத்திலிருந்து அடுத்த வரியைக் கிசுகிசுக்கவும் வேண்டாம். கூட்டம் கைதட்டி அனுப்பிவைப்பதும் வேண்டாம். பரிவோடுதான் தட்டுகிறோம், ஆனால் இறங்கிப்போ என்றே பிள்ளைக்குக் கேட்கிறது. நடுவர்களில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பேசுவதுபோல் ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த ஏரியில தண்ணி எப்ப வரும்மா?" பிள்ளை பதில் சொல்லும். இன்னொரு கேள்வி கேளுங்கள். இரண்டு மூன்று பதில்கள் சொந்த வாயிலிருந்து வந்துவிட்டால் மீதியை அதுவே பேசிக்கொள்ளும். பேசி முடித்துத்தான் இறங்க வேண்டும், அது முக்கியம். இதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

அன்புடன்,
மாலை வகுப்பில் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு தமிழாசிரியர்